மதிலும் மனையும்: காலிக் கோட்டையின் பாதுகாப்பும் அங்கு வாழ்வோரின் வாழ்க்கை நலமும்

இலங்கையின் வரலாற்றுச் சின்னங்களைப் பற்றிப் பேசுமிடத்து முதலில் நினைவுக்கு வருவன அநுராதபுரமும் பொலன்னறுவையும் சிகிரியாவுமே. இம்மூன்றும் 1982ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. ஆறு ஆண்டுகளின் பின்னர், 1988இல், கண்டி நகரும், காலிப் பழைய நகரும் அதன் அரண்களும் அதே பட்டியலிற் சேர்க்கப்பட்டன. முன்னைய மூன்றும் பெரும்பாலும் அகழ்ந்தெடுக்கப்பட்ட இடிபாடுகள். அங்கு வழிபடுவோர் உளர், பார்வையிடுவோர் உளர், பழைய மாளிகைகளிலே குடியிருப்போர் இலர். காலிக் கோட்டையின் நிலை வேறு. அதன் மதில்களுக்குள்ளே மக்கள் பிறந்தனர், மணந்தனர், வணிகஞ் செய்தனர், வழக்காடினர், இறந்தனர். வரலாற்றுச் சின்னம் எனப் பெயர் சூட்டப்பட்ட அன்றும் அங்கு அடுப்பெரிந்துகொண்டிருந்தது.

இவ்வேறுபாடு சிறியதன்று. இடிபாட்டைப் பாதுகாப்பவன் கல்லையும் சுண்ணத்தையும் பற்றிக் கவலைப்பட்டாற் போதுமானது. குடியிருப்பைப் பாதுகாப்பவனோ, அங்கு வாழ்பவரின் நீர், நிழல், வருவாய், பிள்ளைகளின் எதிர்காலம் ஆகியவற்றையும் எண்ண வேண்டியவனாகிறான். அநுராதபுரத்திலே புனித நகரைப் பேணும் பொருட்டு 1940களில் வகுக்கப்பட்ட திட்டம், பழைய நகரின் கடைகளையும் குடியிருப்புகளையும் அகற்றிப் புதிய நகரொன்றுக்கு மாற்றியது. அங்கு பாதுகாப்பு என்பது குடியகற்றலாக அமைந்தது. அம்முறையைக் காலிக்குப் பொருத்த முடியாது. பொருத்தினால் பாதுகாப்பதற்கு அங்கு எஞ்சுவது வெறுங் கூடே. எனவே, பழைய நகரொன்றின் தோற்றத்தைக் காத்துக்கொண்டே அங்கு வாழ்வோரின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்துதல் இயலுமா என்னும் வினாவுக்கு விடை தேட, இலங்கையிற் காலிக் கோட்டையிலும் பொருத்தமான களம் வேறில்லை எனலாம்.

கோட்டைக்கு முந்திய காலி

காலியின் வரலாறு ஐரோப்பியரோடு தொடங்குவதன்று. இபின் பதூதா 1344இல் இலங்கைக்கு வந்தபோது, தெவிநுவரையிலிருந்து கொழும்புக்குச் செல்லும் வழியிற் காலியையுங் கண்டு, அதனை ஒரு சிறு நகராகக் குறிப்பிட்டார். 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் மும்மொழிக் கல்வெட்டு இத்துறைமுகத்தின் தன்மையை இன்னுந் தெளிவாக எடுத்துக்காட்டுகின்றது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் பயணங்களோடு தொடர்புடைய இக்கல், 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டுக் கொழும்பு தேசிய நூதனசாலையில் வைக்கப்பட்டது. இதிற் சீனமொழிப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்னாவர நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இசுலாமிய மரபுக்கும் உரிய காணிக்கைகளைப் பதிவு செய்கின்றது. தென்னிலங்கைக் கரையிலே பொறிப்பதற்கெனச் செய்யப்பட்ட கல்லில் சிங்களம் இடம்பெறாது சீனமும் தமிழும் பாரசீகமும் இடம்பெற்றமை, அன்றைய கடல் வணிகத்தின் மொழிகள் எவை என்பதை உணர்த்துகின்றது. பல இனத்தார் கூடும் இடமென்பதே காலியின் முதல் அடையாளம். மதில் அதன் பின்னர் வந்தது.

போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே குடாநிலத்தின் கழுத்துப் பகுதியை மறித்து அரண் அமைத்தனர். கடற்பக்கத்தைப் பெரும்பாலும் இயற்கைப் பாறைகளே காத்தன. 1640 மார்ச் மாதத்தில் ஒல்லாந்தர் இக்கோட்டையைக் கைப்பற்றினர். தொடர்ந்து வந்த ஒன்றரை நூற்றாண்டிலேயே இன்று காணப்படும் மதிலும், கொத்தளங்களும், நேராக ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் தெருக்களும் உருப்பெற்றன. நிலப்பக்கத்து மூன்று கொத்தளங்களும் சூரியன், சந்திரன், நட்சத்திரம் எனப் பெயர் பெற்றன. பழைய வாயிலின் உட்புறத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் இலச்சினையோடு 1669 என்னும் ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. பெரிய தேவாலயம் 1755இல் நிறைவெய்தியது.

இவ்வேலைகளைச் செய்த கைகள் எவை என்பது வினவப்பட வேண்டியதாகும். ஒல்லாந்தர் ஆட்சியில் இராசகாரிய முறையின் கீழ்ப் பெறப்பட்ட கட்டாய உழைப்பும், அடிமைகளின் உழைப்பும் பயன்பட்டன. திட்டம் ஐரோப்பியருடையது, முருகைக்கல்லும் கபுக்கல்லும் சுண்ணமும் மரமும் இந்நாட்டவை, சுமந்தவரும் அடுக்கியவரும் ஆசியர். தெருப்பெயர்களும் இதற்குச் சான்று பகர்கின்றன. கயிறு திரித்த இடம் லெயின் பான் தெருவாயிற்று. சோனக வணிகரின் பெயரால் ஒல்லாந்தர் வழங்கிய தெரு பின்னர் பெட்லர் தெருவாயிற்று. தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த பரவரின் பெயரைத் தாங்கிய தெருவும் அங்குண்டு. ஆகவே, காலிக் கோட்டையை அந்நியரின் ஆதிக்கச் சின்னம் என மட்டும் ஒதுக்குவோர், அதனை உருவாக்கிய உழைப்பாளரையும் அதனைத் தமதாக்கிக்கொண்ட குடிகளையுஞ் சேர்த்தே ஒதுக்குகின்றனர்.

வடிகானும் வாழ்வும்

காலிக் கோட்டையைக் காண வருவோரின் கண் மதிலிலேயே தங்கும். வரலாற்று மாணவன் தரைக்குக் கீழேயும் நோக்க வேண்டும். ஒல்லாந்தர் தெருக்களுக்கு அடியிலே செங்கற் கால்வாய்களைக் கட்டி, கழிவுநீர் அவற்றின் வழியே கடலை அடையுமாறு செய்தனர். அக்கால்வாய்களைக் கடல்நீராற் கழுவுவதற்கும் ஏற்பாடு இருந்தது. திரித்தன் கொத்தளத்திலே நின்ற காற்றாலையொன்று அதற்கு நீரிறைக்கப் பயன்பட்டது. வீடுகளின் அமைப்பும் வெப்பமண்டல வாழ்வுக்கு ஏற்றதாயிருந்தது. தெருவை நோக்கிய விறாந்தை வெயிலையும் மழையையுந் தடுத்தது. தடித்த சுவர்களும் உயர்ந்த ஓட்டுக் கூரையும் வெப்பத்தைத் தணித்தன. ஒடுங்கி நீண்ட காணியின் நடுவே அமைந்த முற்றம் காற்றையும் ஒளியையும் வீட்டின் உட்பகுதிக்குக் கொணர்ந்தது.

இன்று வரலாற்று மதிப்புடையனவாக நாம் போற்றும் இவ்வமைப்புகள் யாவும் வாழ்வோரின் நலங்கருதியே செய்யப்பட்டவை என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. விறாந்தை அழகுக்காக எழுந்ததன்று. கால்வாய் பெருமைக்காகத் தோண்டப்பட்டதன்று. வாழ்க்கை வசதியும் மரபுரிமையும் ஒன்றுக்கொன்று பகையானவை எனக் கருதுவோர், மரபுரிமை எனத் தாம் அழைப்பது முன்னொரு காலத்தின் வாழ்க்கை வசதியே என்பதை மறந்துவிடுகின்றனர்.

தேக்கத்தினால் தப்பிய நகரம்

1796இல் கோட்டை பிரித்தானியர் வசமாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீராவிக் கப்பல்கள் தரித்துச் செல்லும் துறையாகக் காலி புதிய செழிப்பைக் கண்டது. ஆயின் அத்துறையின் பாறைகளும், பருவக்காற்றுக் காலத்துக் கொந்தளிப்பும் பெரிய கப்பல்களுக்கு இடையூறாயிருந்தன. 1875இல் கொழும்பில் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1880களிற் கப்பற் போக்குவரத்துக் கொழும்பைச் சென்றடைந்தது. 1873இற் சூரியன், சந்திரன் கொத்தளங்களுக்கிடையே மதிலை ஊடறுத்துப் புதிய வாயில் திறக்கப்பட்டுச் சில ஆண்டுகளுக்குள்ளேயே, அவ்வாயிலைத் தேவைப்படுத்திய வணிகம் குன்றத் தொடங்கியமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

இத்தேக்கமே காலியைக் காத்தது. கொழும்புக் கோட்டையின் மதில்கள் 1870களில் வளரும் நகருக்கு இடமளிக்கும் பொருட்டு இடிக்கப்பட்டன. அங்கு மூலதனம் பெருகியது, பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாய் மறைந்தன. காலியில் இடிப்பதற்கும் மீளக் கட்டுவதற்கும் பணமிருக்கவில்லை, அதற்கான தேவையுமிருக்கவில்லை. பாதுகாப்புக் கொள்கை எதுவும் உருவாகு முன்னரே பொருளாதார மந்தம் பாதுகாவலனாயிற்று. பழைய நகரங்கள் பல தப்பிப் பிழைத்தமைக்கு இதுவே காரணமாதலால், இவ்வுண்மையை ஒளிக்க வேண்டியதில்லை. அதே வேளையில், வறுமையினாற் காக்கப்பட்ட நகரில் வாழ்ந்தவர் அவ்வறுமையின் விலையைச் செலுத்தினர் என்பதையும் மறக்கலாகாது. ஒழுகும் கூரையும் உதிரும் சுண்ணமும் வெளியாருக்குக் கவர்ச்சியாகலாம். அக்கூரையின் கீழ் மழைக்காலத்தைக் கழிப்பவருக்கு அவ்வாறன்று.

குடிகளும் மாறினர். ஒல்லாந்தரின் வழிவந்த பறங்கியருட் பலர் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே கொழும்புக்குப் பெயர்ந்தனர்; 1956இன் அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னர் பறங்கியர் பெருந்தொகையாக அவுஸ்திரேலியா சென்றனர். அவர்கள் விட்டுச் சென்ற வீடுகளிற் பலவற்றைச் சோனக வணிகர், குறிப்பாக இரத்தினக்கல் வியாபாரிகள், வாங்கிக் குடியேறினர். தமிழை வீட்டுமொழியாகக் கொண்ட இச்சமூகம், ஐரோப்பிய முறையில் எழுந்த வீடுகளைத் தன் வாழ்க்கை முறைக்கேற்ப அமைத்துக்கொண்டது. கடலோரத்து மீரான் பள்ளிவாசல், வெள்ளைச் சுவரும் இரட்டைக் கோபுரமுமாய், தூரத்தே நோக்குபவருக்குத் தேவாலயம் போலத் தோற்றமளிக்கின்றது. சிறிது தூரத்துக்குள்ளேயே ஒல்லாந்தர் தேவாலயமும், ஆங்கிலத் திருச்சபையின் தேவாலயமும், பௌத்த விகாரையும், பள்ளிவாசலும், அரபுக் கல்லூரியும் அமைந்துள்ளன. நீதிமன்றங்களும் பாடசாலைகளும் நாடோறும் வெளியிலிருந்து மக்களைக் கோட்டைக்குள் ஈர்த்தன. உலகம் ஒல்லாந்தக் கோட்டை என்று போற்றிய இடத்தைப் பல தலைமுறைகளாகத் துப்புரவு செய்து, வெள்ளையடித்து, ஓடு மாற்றிக் காத்தவர் இக்குடிகளே.

இவ்விடத்தில் யாழ்ப்பாணக் கோட்டையோடு ஒப்பிடுதல் பயனுடைத்து. ஒல்லாந்தர் கட்டிய அந்த ஐங்கோணக் கோட்டை படைத்தளமாகவும் நிருவாக இடமாகவுமே விளங்கியது. குடிகள் வாழ்ந்த நகரம் அதற்கு வெளியே வளர்ந்தது. 1990இன் போரில் அக்கோட்டையின் பழைய தேவாலயம் அழிந்தது. பின்னர் மதில்கள் மீளக் கட்டப்பட்டன. ஆயினும் உள்ளே வெற்றுவெளியே பெரிதாயிற்று. மதில் மட்டும் மீளும்போது மீள்வது யாது என்பதை அவ்விடத்தில் நின்று நோக்குவோர் உணர்வர்.

சட்டமும் குடியிருப்போரும்

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அதிகாரமளித்தது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம் நகர அபிவிருத்தி அதிகார சபையைத் தோற்றுவித்தது. 1994ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தினாற் காலி மரபுரிமை மன்றம் அமைக்கப்பட்டது. இவற்றோடு காலி மாநகர சபையும் உண்டு. ஒரே வீட்டின் கூரையைத் திருத்த விரும்பும் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட அலுவலகங்களின் அதிகாரத்துக்கு உட்பட வேண்டியவராகிறார்.

இச்சட்டங்கள் தேவையற்றவை என்பது இதன் பொருளன்று. உயரம், முகப்பு, கூரை, விறாந்தை என்பவற்றைக் கட்டுப்படுத்தும் விதிகள் இல்லாதிருந்தால், அடுக்குமாடிகள் பல எழுந்து கோட்டையின் வானவிளிம்பு என்றோ மறைந்திருக்கும். ஆனால் விதியின் நன்மை எல்லோருக்கும் உரியதாயிருக்க, அதன் செலவு வீட்டுச் சொந்தக்காரரையே சாருகின்றது என்பதே சிக்கலின் மையம். ஓட்டுக்குப் பதிலாகத் தகரமோ அசுபெசுத்தோசுத் தகடோ இட்டாற் குறைந்த செலவில் வேலை முடியும். விதி அதனைத் தடுக்கின்றது. சீமெந்து எளிதிற் கிடைக்கும்; பழைய சுவரோ சுண்ணச் சாந்தையே வேண்டுகின்றது. முருகைக்கற் சுவரின்மீது சீமெந்து பூசப்படின் உள்ளிருக்கும் ஈரமும் உப்பும் வெளியேற வழியின்றிச் சுவரைத் தின்றுவிடும். ஆகவே விதி தொழில்நுட்ப ரீதியிற் சரியானதே. சரியானதைச் செய்யும் ஆற்றல் யாரிடமுண்டு என்பதே கேள்வி. நாட்டின் பொதுச் சொத்தாகிய ஒரு காட்சியைக் காக்கும் பொறுப்பை, நடுத்தர வருவாயுள்ள ஒரு குடும்பத்தின் தோளிலே சுமத்திவிட்டு, அதற்குரிய பணத்தையோ கைவினைஞரையோ வழங்காத அரசு, தான் விதித்த சட்டத்தினாலேயே அக்குடும்பத்தை விற்பனைக்குத் தூண்டுகின்றது.

விற்பதற்கு வேறு காரணங்களும் உள. ஒரு வீடு வாரிசுகள் பலருக்கு உரித்தாகும்போது, மதிலுக்குள் அடங்கிய காணியைப் பங்கிடவும் முடியாது. மேல்மாடிகள் எழுப்பவும் முடியாது. விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொள்வதே எளிய வழியாகின்றது.

ஆழிப்பேரலைக்குப் பின்

1990களின் இறுதியிலிருந்து வெளிநாட்டவர் காலிக் கோட்டை வீடுகளை விரும்பி வாங்கத் தொடங்கினர். 2004இல் அந்நியருக்குக் காணி கைமாறும்போது அதன் பெறுமதிக்கு நிகரான நூறு வீத வரி விதிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை காலி நகரைத் தாக்கியது. மதிலுக்கு வெளியே பேருந்து நிலையமும், கடைத்தெருவும், கிரிக்கெட் மைதானமும் பேரழிவுக்குள்ளாயின. ஒல்லாந்தரின் மதில் கோட்டைக்குள் வாழ்ந்தோரைப் பெரும்பாலுங் காத்தது. பீரங்கிக்கெனக் கட்டப்பட்ட சுவர் கடலைத் தடுத்தமை, பழைய அமைப்பொன்றின் பயன் அதனைக் கட்டியோரின் நோக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்குத் தக்க உதாரணமாகும்.

அதன் பின்னரான ஆண்டுகளில் இரு போக்குகள் ஒருங்கே நிகழ்ந்தன. ஒருபுறம், நெதர்லாந்து அரசின் உதவியோடு மதிலின் பகுதிகளும் தனியார் வீடுகள் பலவும் செப்பனிடப்பட்டன. நிறுவனக் கட்டடங்களோடு நின்றுவிடாது, குடியிருப்போரின் விறாந்தைக்கும் முகப்புக்கும் பொதுப்பணம் சென்றமை குறிப்பிடத்தக்க முன்னேற்றமாகும். 2014இல் உலக வங்கியின் கடனுதவியோடு கண்டியிலும் காலியிலும் தொடங்கி, பின்னர் யாழ்ப்பாணத்துக்கும் விரிவுபடுத்தப்பட்ட நகர அபிவிருத்தித் திட்டம், வடிகாலமைப்பையும் பொதுவெளிகளையும் தன் நோக்கிற் கொண்டது. மறுபுறம், உல்லாசப் பயணத்துறை கோட்டைக்குள் வேகமாகப் பரவியது. வீடுகள் விடுதிகளாயின. ஒல்லாந்தர் கால மருத்துவமனை கடைகளும் உணவகங்களும் கொண்ட தொகுதியாயிற்று. அரிசியும் மண்ணெண்ணெயும் விற்ற கடைகளின் இடத்தில் நினைவுப் பொருட்களும் நகைகளும் விற்கும் கடைகள் தோன்றின.

இம்மாற்றத்தை முழுவதுந் தீமையென்று தள்ளிவிட முடியாது. சிதைந்துகொண்டிருந்த வீடுகள் பல மீண்டன. தச்சருக்கும் கொத்தருக்கும் வேலை கிடைத்தது. பெருவிலைக்கு வீட்டை விற்ற குடும்பம் வெளியே வசதியான வீட்டைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளைப் படிப்பித்தது. விற்றவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஈரச் சுவரோடு வாழ்ந்தவர் அவர். ஆயினும் தனித்தனியே நியாயமான முடிவுகள் பல சேர்ந்து, எவரும் விரும்பாத பொதுமுடிவொன்றைத் தருதல் கூடும். காணியின் விலை ஏற ஏற, வாடகைக்கிருந்தோர் முதலில் வெளியேறுவர். அடுத்து அவர்களுக்குப் பொருள் விற்ற சிறு கடைக்காரர் வெளியேறுவர். பின்னர் தொழுகைக்கு வருவோரும் பாடசாலைக்கு வருவோரும் வெளியிலிருந்தே வரவேண்டியவராவர். இறுதியில் முகப்புகள் யாவும் விதிப்படி நிற்கும். அவற்றின் பின்னே இரவில் விளக்கேற்றுவோர் விருந்தினர் மட்டுமேயாவர். பாதுகாப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவும் அப்போது மீறப்பட்டிராது.

கோட்டையின் வெளிச்சூழலும் இதே சிக்கலைக் காட்டுகின்றது. மதிலின் அடிவாரத்துக் கிரிக்கெட் மைதானத்திலே 1998இல் முதலாவது டெஸ்ட் போட்டி நடைபெற்றது. ஆழிப்பேரலையின் பின் மைதானம் மீளக் கட்டப்பட்டபோது, பார்வையாளர் மண்டபம் கோட்டையின் காட்சியை மறைக்கின்றதென உலக மரபுரிமைக் குழு கவலை தெரிவித்தது. நகர மக்களுக்கோ அம்மைதானம் அழிவிலிருந்து மீண்டமையின் அடையாளம். காட்சியின் தூய்மையா, மக்களின் களிப்பா என்று ஒன்றை மட்டுந் தெரிவதற்கு இது இலகுவான வழக்கன்று.

பிற நாடுகளின் அனுபவம்

இப்பிரச்சினை காலிக்கு மட்டும் உரியதன்று. பிரான்சிலே 1962இல் நிறைவேற்றப்பட்ட மல்ரோ சட்டம், தனிச் சின்னங்களை விடுத்து முழு நகர்ப்பகுதிகளையே பாதுகாக்க வழிசெய்தது. பாரிஸ் நகரின் மறே பகுதி அதனாற் பிழைத்தது. பழைய மாளிகைகள் பொலிவு பெற்றன. ஆனால் அங்கு நெருக்கமாக வாழ்ந்த தொழிலாளரும் கைவினைஞரும் படிப்படியாக அகன்றனர்.

இத்தாலியின் பொலொஞ்ஞா நகரம் வேறு வழியை நாடியது. 1969இல் நகர்மையத்துக்கெனத் திட்டம் வகுத்து, பழைய வீட்டு வகைகளை ஆராய்ந்து, 1973இல் மலிவு வீடமைப்புக்கான பொதுப்பணத்தைப் புறநகரிற் செலவிடாது பழைய வீடுகளைத் திருத்துவதற்கே பயன்படுத்த அந்நகர சபை முன்வந்தது. கட்டடக்கலைஞர் பியர் லூயிஜி செர்வெல்லாத்தி இதன் முன்னோடிகளுள் ஒருவர். கட்டடத்தோடு அதில் வாழும் மக்களையும் பாதுகாத்தல் என்பதே அத்திட்டத்தின் கருப்பொருள். வீடுகளை அரசுடைமையாக்கும் எண்ணத்தைச் சிறு உடைமையாளர் எதிர்த்தமையால், மானியம் பெறுவோர் வாடகையைக் கட்டுப்படுத்திப் பழைய குடியிருப்பாளரையே வைத்திருக்க வேண்டும் என்னும் உடன்படிக்கை முறை கைக்கொள்ளப்பட்டது. திட்டம் நகர்மையம் முழுவதையும் எட்டவில்லை. காலப்போக்கில் சந்தையின் அழுத்தம் அங்கும் மீண்டது. எனினும், வீட்டுப் பிரச்சினையும் மரபுரிமைப் பிரச்சினையும் ஒன்றே என்பதை நடைமுறையிற் காட்டிய பெருமை அதற்குண்டு. 1975இன் அம்ஸ்டர்டாம் பிரகடனத்திலும் அச்சிந்தனையின் எதிரொலி கேட்கின்றது.

மலேசியாவின் பினாங்கு எதிர்மறையான பாடத்தைத் தருகின்றது. ஜோர்ஜ் டவுன் நகரின் கடைவீடுகள் நெடுங்காலம் நிலைத்தமைக்கு 1966இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முக்கிய காரணம். 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அக்கட்டுப்பாடு நீங்கியதும் வாடகைகள் பன்மடங்காகி, சிறு வணிகரும் தொழிலாளக் குடும்பங்களும் பெருந்தொகையாக வெளியேறினர். வெறுமையான சில வீடுகளிலே கூட்டுக்காக உழவாரக் குருவிகள் வளர்க்கப்பட்டன. தமிழ் முசுலிம்களின் நினைவைத் தாங்கும் சூலியா தெருவும் உள்ளடங்கிய அந்நகரம் 2008இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டபோது, அம்மரபுக்கு உரியோரிற் பலர் அங்கிருக்கவில்லை.

இவ்வனுபவங்களின் திரட்சியாகவே யுனெஸ்கோ 2011இல் வரலாற்று நகர நிலத்தோற்றம் பற்றிய பரிந்துரையை ஏற்றது. நகரைத் தனிக்கட்டடங்களின் கூட்டாகக் கொள்ளாது, நிலவமைப்பு, நீர், தெரு, தொழில், வழக்கம், சமூக உறவு என்பன காலந்தோறும் படிந்த அடுக்குகளாகக் காணல் வேண்டும் என்பதும், எதைப் பேணுவது என்னும் முடிவிலே குடியிருப்போருக்குப் பங்கிருத்தல் வேண்டும் என்பதும் அதன் சாரம்.

முடிவுரை

காலிக்கு இவற்றிலிருந்து கிடைக்கும் படிப்பினைகள் மூன்று. முதலாவது, விதியும் உதவியும் இணைந்தே செல்ல வேண்டும். ஓட்டுக் கூரையைக் கட்டாயமாக்கும் அதிகாரம், அதன் மேலதிகச் செலவில் ஒரு பங்கை ஏற்பதே நீதி. அதற்கான பணத்தை வெளியே தேட வேண்டியதில்லை; கோட்டையின் பெயரால் உல்லாசப் பயணத்துறை ஈட்டும் வருவாயில் ஒரு கூறு அக்கோட்டையின் வீடுகளுக்குத் திரும்பலாம். இரண்டாவது, பொதுப்பணத்தால் திருத்தப்படும் வீட்டில் குடியிருப்புத் தொடர்வதற்குரிய நிபந்தனையும் இருத்தல் வேண்டும். பொலொஞ்ஞா காட்டிய உடன்படிக்கை முறை இதற்கு முன்மாதிரியாகும். மூன்றாவது, முகப்புகளை மட்டுமன்றிக் குடும்பங்களையும் எண்ணிக் கணக்கெடுத்தல் வேண்டும். எத்தனை வீடுகளிற் குடும்பங்கள் வாழ்கின்றன, எத்தனை பிள்ளைகள் மதிலுக்குள்ளிருந்து பாடசாலைக்குச் செல்கின்றனர் என்பனவும் பாதுகாப்பின் அளவுகோல்களாதல் வேண்டும்.

இம்மூன்றும் கைகூடினாலும் எல்லோரும் கோட்டைக்குள்ளேயே தங்கிவிடுவர் என எதிர்பார்க்க முடியாது. நகரங்களிற் குடிகள் மாறுவது இயல்பு. காலியின் வரலாறே அதற்குச் சான்று. பறங்கியர் சென்ற இடத்துக்குச் சோனகர் வந்தனர். ஆனால் அன்று ஒரு குடிக்குப் பின் இன்னொரு குடி வந்தது; குடியிருப்புக்குப் பின் கடையும் விடுதியும் மட்டுமே வரும் நிலை அதினின்றும் வேறானது. முன்னையது வரலாற்றின் தொடர்ச்சி. பின்னையது அதன் முடிவு.

ஒல்லாந்தர் அமைத்த கால்வாயை இங்கு மீண்டும் நினைவு கூரலாம். அது தூர்ந்தால் தொல்பொருளொன்று அழிகின்றது. அதே மழையில் வீட்டுக்குள் வெள்ளமும் புகுகின்றது. அது செப்பனிடப்பட்டால் இரண்டும் ஒருங்கே தீர்கின்றன. மரபுரிமைக்கென ஒரு செலவும் மக்கள் நலத்துக்கென வேறொரு செலவும் அங்கு தேவைப்படவில்லை. காலிக் கோட்டையின் ஒவ்வொரு திருத்த வேலையும் தொடங்கு முன்னர், அக்கால்வாயின் முன் நின்று கேட்கத்தக்க வினா ஒன்றுண்டு: இவ்வேலையின் பின்னர் இவ்வீட்டில் வாழ்வது எளிதாகுமா? ஆகும் என்று விடை வருமிடத்துச் சுவரும் நிலைக்கும்.